மடங்கிய விரலில் எந்த அடுக்கு பழுது?

ஏலக்காய்ச் சரம் செடியின் தூரிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டிப் படர்கிறது. ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் விளைந்த காயும் கலந்திருக்கும். விளைந்ததை மட்டும், பக்கத்துப் பிஞ்சு உதிராமல், சரம் சேதமாகாமல் கிள்ளி எடுக்க வேண்டும். முப்பது நாற்பது நாள் கழித்து அதே செடிக்குத் திரும்பவும் வர வேண்டும். தேனி மாவட்டத்தில் தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம், போடி பக்கத்து ஊர்களிலிருந்து விடியும் முன்பே ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் மலைத் தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் பொழுது சாயும் வரை குனிந்தும் குத்துக்காலிட்டும் செய்வது இந்த வேலையைத்தான்.

அந்தக் கிள்ளலை ஒரு முறை மெதுவாகச் செய்து பாருங்கள். ஆட்காட்டி விரலின் அடிமூட்டு மடங்குகிறது. நுனி மூட்டுகள் அளவாக வளைந்து நிற்கின்றன. கட்டைவிரல் பக்கவாட்டில் நகர்ந்து வந்து அதன் நுனியைத் தொடுகிறது. அடிமூட்டு மடங்க வேண்டும், அதே நொடியில் நுனிப்பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டும். இந்த இரட்டை வேலையை முன்கையில் இருக்கும் பெரிய தசைகளால் செய்ய முடியாது. உள்ளங்கைக்குள், எலும்புகளுக்கு இடையே பதுங்கியிருக்கும் சின்னஞ்சிறு தசைகள்தான் செய்கின்றன. மண்வெட்டி பிடிப்பதற்குப் பெரிய தசைகள் போதும். காய் கிள்ள, ஊசியில் நூல் கோக்க, சட்டைப் பொத்தான் போட, சோற்றைப் பிசைந்து எடுக்கச் சிறு தசைகள் வேண்டும்.

ஐம்பதைத் தாண்டியவர்கள் எங்கள் பக்கத்தில் சொல்லும் ஒரு குறை உண்டு: "விரல் மடங்கிப் போச்சு, நிமிர மாட்டேங்குது." வாதம் என்பார்கள், மலைக்குளிர் என்பார்கள், காலமெல்லாம் வேலை செய்த கை என்பார்கள். தைலம் போட்டு உருவுவார்கள், வெந்நீரில் கையை வைத்து எடுப்பார்கள். சிலருக்குக் கொஞ்சம் குணம் தெரியும், பலருக்குத் தெரியாது. அதற்குக் காரணம் தைலத்தின் தரமல்ல. 'நிமிராத விரல்' என்பது ஒரே நோயல்ல. தோல், அதன் அடியில் உள்ளங்கையை மூடியிருக்கும் நார்ச்சவ்வு, அதற்கும் கீழே தசைநாண்களும் அவற்றின் உறைகளும், மூட்டுகள், சிறு தசைகள், அந்தத் தசைகளை இயக்கும் நரம்புகள் என்று கை பல அடுக்குகளால் ஆனது. எந்த அடுக்கில் பழுது வந்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: விரல் உள்நோக்கி மடங்குகிறது. பழுது எங்கே என்று கண்டுபிடிக்காதவரை வைத்தியம் என்பது தடவிப் பார்ப்பதே. கைக்கான சிகிச்சை ஆராய்ச்சியின் வரலாறு முழுக்க இந்தத் தேடல்தான். அதில் மிக முக்கியமான ஓர் அத்தியாயம் தமிழ்நாட்டில், செங்கல்பட்டிலும் வேலூரிலும் எழுதப்பட்டது.

பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தார். பெற்றோர் மிஷனரிகள். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். இங்கே அப்பா காய்ச்சலில் இறந்துபோக, அம்மா ஈவ்லின் முதுமை வரை மலைமக்களுக்கு ஊழியம் செய்தார். பால் முதலில் கற்றது கட்டட வேலை. தச்சும் கொத்தும் பழகிய பிறகுதான் மருத்துவத்துக்குப் போனார். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எலும்பு அறுவை மருத்துவராக வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே தலைமை மருத்துவராக இருந்த ராபர்ட் காக்ரேன் தோல் மருத்துவத்தில் பெரிய பெயர். டாப்சோன் மருந்தைத் தொழுநோய்க்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கியிருந்த காலம் அது.

மருத்துவமனைத் தோட்டத்தில் நடந்தவர்களின் விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டிருந்தன. பலருடைய விரல்கள் பாதியாகக் குறுகியிருந்தன. இந்தக் கைகள் ஏன் இப்படி ஆகின்றன என்று பிராண்ட் கேட்டார். தோலில் வரும் படைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல முடிந்த காக்ரேனுக்கு இதற்கு விடை இல்லை. இத்தனை லட்சம் பேரை முடமாக்கிய ஒரு நோயில் கைகளை மட்டும் எடுத்து ஆராய்ந்த எலும்பு மருத்துவர் அதுவரை யாருமே இல்லை என்பதைக் காக்ரேன் வெளிப்படையாகவே சொன்னார். அன்று அங்கே இருந்த ஓர் இளைஞரிடம் தன் கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். செயலிழந்து சுருண்ட கை என்று நினைத்துக் கொடுத்த கை வலியில் துடித்தது. அவ்வளவு பலமான பிடி.

அந்த வலியிலிருந்துதான் ஆராய்ச்சி தொடங்கியது. கை முழுவதும் செத்துவிடவில்லை, விரலை மடக்கும் பெரிய தசைகள் முழு வலுவோடு இருக்கின்றன என்றால், செத்தது எது? வேலூர்க் குழு நோயாளிகளின் கைகளைத் தசை தசையாகச் சோதித்துப் பதிவு செய்தது. ஓர் ஒழுங்கு தெரிந்தது. உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்திருந்தன. முன்கையின் மேற்பகுதியில் இருக்கும், மணிக்கட்டைத் தூக்கும் தசைகள் பெரும்பாலும் தப்பியிருந்தன. ஏன் இந்தத் தசை, ஏன் அந்தத் தசை இல்லை?

விடை ஒரு சவப்பரிசோதனையில் கிடைத்தது. செங்கல்பட்டில் நோயாளி ஒருவர் இறந்த செய்தி வந்ததும் பிராண்ட் குழுவினர் வேலூரிலிருந்து கிளம்பிப் போய், இரவெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் கை கால் நரம்புகளை வெட்டிப் பிரித்தார்கள். பார்வைக்கே தெரிந்தது: நரம்புகள் எல்லா இடத்திலும் வீங்கவில்லை. முழங்கைக்குச் சற்று மேலே, மணிக்கட்டுக்கு அருகே, முழங்காலின் வெளிப்புறத்தில், கன்ன எலும்பின் மேல் என்று, நரம்பு தோலுக்குப் பக்கத்தில் வரும் இடங்களில்தான் வீங்கியிருந்தது. ஆழத்தில் தசைகளுக்கு நடுவே போகும் இடங்களில் அதே நரம்பு இயல்பாக இருந்தது.

தோலுக்குப் பக்கத்தில் இருப்பது உடலின் உள்ளே இருப்பதைவிடக் குளிர்ச்சியானது. தொழுநோய்க் கிருமிக்கு 37 பாகை ஒத்துவராது. 30-33 பாகை சுற்றில்தான் நன்றாகப் பெருகும். 1960இல் அமெரிக்காவின் சார்லஸ் ஷெப்பர்டு இந்தக் கிருமியை முதன்முதலாக ஆய்வகத்தில் பெருக்கிக் காட்டியதும் எலியின் குளிர்ந்த பாதத்தில்தான். முழங்கையின் பின்புறம் எங்காவது இடித்தால் சுண்டுவிரல் வரை ஷாக் அடித்த மாதிரி இழுக்குமே, அந்த நரம்புதான் அல்நார் நரம்பு. அந்த இடத்தில் அது எலும்புக்கும் தோலுக்கும் இடையே ஒரு பாதுகாப்பும் இல்லாமல் ஓடுகிறது. கிருமி அங்கே தங்குகிறது. உடல் அதை எதிர்த்துப் போராடும்போது நரம்பு வீங்கி, தன் உறைக்குள்ளேயே நெரிபடுகிறது. சுண்டுவிரல், மோதிர விரல் பக்கம் மரத்துப்போகிறது. உள்ளங்கையின் பெரும்பாலான சிறு தசைகளுக்கு உத்தரவு வருவது நின்றுவிடுகிறது. மணிக்கட்டுக்கு அருகே மீடியன் நரம்பும் பாதிக்கப்பட்டால் கட்டைவிரலும் போகும். மணிக்கட்டைத் தூக்கும் தசைகளை இயக்கும் ரேடியல் நரம்பு பெரும்பாலும் ஆழத்திலேயே ஓடுவதால் அது கெடுவது மிக அரிது.

சிறு தசை போனால் விரல் ஏன் சுருள வேண்டும்? பந்தல் காலை நாலு பக்கமும் கயிறு இழுத்துப் பிடித்திருக்கிறது. ஒரு கயிற்றை அவிழ்த்தால் மற்ற மூன்று கயிறுகளின் பலமே காலைச் சாய்த்துவிடும். விரலிலும் அதுதான் நடக்கிறது. அடிமூட்டை முன்னால் இழுத்துப் பிடிக்க ஆளில்லாததால், புறங்கைத் தசைநாண் அதைப் பின்னோக்கித் தூக்கிவிடுகிறது. தன் இழுவிசையை அங்கேயே செலவழித்துவிடுவதால், நடு மூட்டையும் நுனி மூட்டையும் நிமிர்த்த அதனிடம் ஒன்றும் மிச்சமில்லை. அந்த இரண்டு மூட்டுகளையும் மடக்கும் தசைகள் தடையில்லாமல் சுருட்டிக்கொள்கின்றன. இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. மடங்கிய கையின் முட்டிகளைப் புறங்கைப் பக்கமிருந்து பின்னால் போகவிடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு விரலை நீட்டச் சொன்னால், பல கைகளில் விரல் நிமிர்ந்துவிடும். விரலை நிமிர்த்தும் சக்தி உள்ளே இருந்தபடிதான் இருக்கிறது. அடிமூட்டைப் பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

அறுவை சிகிச்சை செய்வது இதைத்தான். வலுவாக இருக்கும் ஒரு தசையின் நாணை அறுத்து, இறந்த தசையின் வேலைக்கு மாற்றி வைப்பது. அமெரிக்காவில் ஸ்டெர்லிங் பன்னல் போர்க்காயங்களில் நரம்பு அறுந்த கைகளுக்குச் செய்துவந்த முறையை எடுத்து, 1940களின் இறுதியில் பிராண்ட் தொழுநோய்க் கைகளில் தொடங்கினார். தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, வெட்டினால் ஆறாது என்பது அன்றைய நம்பிக்கை. ஆறியது, மற்றவர்களுக்கு ஆறுவது போலவே. குறுகிப்போன விரல்களிலிருந்து எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோதும் அழுகலுக்கான தடயம் இல்லை. காணாமல் போயிருந்தவை உணர்ச்சி நரம்புகளின் முனைகள்தாம்.

முதல் முறையில் விரலை மடக்கும் இரு தசைநாண்களில் ஒன்றையே எடுத்து இடம் மாற்றினார்கள். பிடியின் பலம் குறைந்தது. மென்மையான, எளிதில் வளையும் விரல்களில் சிகிச்சை அளவு மீறி எதிர்த் திசையில் வளைத்தும்விட்டது. எனக்கு வேலூர் ஆராய்ச்சியின் மேல் மதிப்பு கூடுவது இந்த இடத்தில்தான்: குறையைப் பதிவு செய்தார்கள், முறையை மாற்றினார்கள். மணிக்கட்டைத் தூக்கும் தசைகளில் ஒன்றை, நரம்பு கெடாமல் தப்பிய அந்தக் கூட்டத்திலிருந்தே, தேர்ந்தெடுத்தார்கள். அதன் நாண் விரல் வரை எட்டாது. கெண்டைக்காலில் பிளாண்டாரிஸ் என்றொரு மெல்லிய தசை இருக்கிறது. மனிதனுக்கு அதனால் பெரிய பயனில்லை, சிலருக்குப் பிறவியிலேயே இருப்பதும் இல்லை. அதன் நீண்ட நாணை உருவி எடுத்து, ஒட்டி, நான்காகப் பிரித்து, நான்கு விரல்களுக்கும் கொண்டுபோய்த் தைத்தார்கள். நால்வால் ஒட்டு என்று கைமருத்துவப் பாடநூல்களில் இன்றும் பிராண்ட் பெயரோடு இருப்பது இதுதான். பின்னர் எர்னஸ்ட் ஃபிரிட்சி காரிகிரியிலும், என்.எச். ஆன்டியா மகாராஷ்டிரத்திலும், எச். சீனிவாசன் செங்கல்பட்டிலும் வெவ்வேறு நாண்களை எடுத்து இதை வளர்த்தார்கள். அர்ஜென்டினாவின் சான்கோலி வேறொரு வழி கண்டார்.

இடம் மாறிய தசைக்குப் புது வேலை தெரியாது. மூன்று வாரம் போலக் கட்டுக்குள் இருந்த கை வெளியே வந்ததும், நேற்றுவரை மணிக்கட்டைத் தூக்கிய தசையை இன்று விரலுக்காக அழைக்க மூளை பழக வேண்டும். மருத்துவர் கத்தியை வைத்த பிறகு பாதிக் கதை மிச்சமிருக்கிறது என்பதால், ரூத் தாமஸ் என்ற பிசியோதெரபிஸ்ட் வேலூரில் கைப்பயிற்சிக்கென்றே தனிப் பிரிவைக் கட்டியெழுப்பினார். மேரி வர்கீஸ் 1954இல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். அதன் பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோய்க் கைகளுக்கு அறுவை செய்தார். பிற்பாடு அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறையையும் தொடங்கினார்.

விரல் நிமிர்ந்தாலும் உணர்ச்சி திரும்பாது. 1950களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்திலேயே தொடங்கிய நவஜீவ நிலையத்தில், அறுவை முடிந்தவர்களுக்குப் பிராண்ட் தச்சு கற்றுக்கொடுத்தார். இளமையில் கற்ற தொழில் அங்கே உதவியது. நிமிர்ந்த விரல்களில் புதுப் புண்கள் வந்தபோது, ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். சுத்தியல் பிடி உரசியிருக்கும், சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் தூக்கியிருப்பார்கள். இரவில் தூங்கும்போது விரல் நுனி காணாமல் போவதற்கு மட்டும் காரணம் பிடிபடவில்லை. விழித்திருந்து பார்த்தபோது தெரிந்தது, எலி. வலி தெரியாததால் தூங்குபவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு ஊருக்குத் திரும்பியவர்களோடு ஒரு பூனையையும் அனுப்பினார்கள். நோயல்ல, வலியின்மைதான் விரல்களைத் தின்றது என்ற கண்டுபிடிப்பு இன்று உலகம் முழுக்க நீரிழிவுப் பாதங்களைக் காப்பாற்றுகிறது. 1955இல் தொடங்கிய காரிகிரி ஆராய்ச்சி நிலையத்திலும், 1966க்குப் பின் அமெரிக்காவின் கார்வில்லிலும் பிராண்ட் இந்தப் பாதையிலேயே போனார்.

வேலூர்க் காலத்தில் கிடைத்த இன்னொரு பாடம் மாவுக்கட்டு பற்றியது. பல ஆண்டுகள் மடங்கியே இருந்த விரலின் தோலும் மூட்டு உறையும் குறுகிவிடுகின்றன. வலுக்கட்டாயமாக இழுத்து நிமிர்த்தினால் உள்ளே கிழிந்து, வீங்கி, தழும்பாகி, முன்னைவிட இறுகிவிடும். அதற்குப் பதில் எந்த அளவுக்கு வலியில்லாமல் நிமிர்கிறதோ அந்த அளவில் மாவுக்கட்டுப் போட்டு, சில நாளில் அவிழ்த்து, இன்னும் கொஞ்சம் நிமிர்ந்ததும் மறுபடி கட்டினார்கள். உயிருள்ள திசு மெல்லிய, தொடர்ந்த இழுப்புக்கு வளர்ந்து இடம் கொடுக்கிறது. மடங்கிய விரலை ஒரே மூச்சில் 'சொடக்கு' எடுத்து நிமிர்த்தப் பார்க்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை இது.

ஆனால் இந்த மென்மையான இழுப்புக்கும் மசியாத ஒரு மடக்கம் இருக்கிறது.

வட ஐரோப்பாவில் அது பரவலான நோய். நார்வேயில் 60 வயது கடந்தவர்களில் 30 சதவீதம் வரை காண்கிறார்கள். உள்ளங்கையில், மோதிர விரலுக்கோ சுண்டுவிரலுக்கோ நேர் கீழே, சிறு முடிச்சு தோன்றும். வலி அதிகமிருக்காது. ஆண்டுகள் போகப் போக முடிச்சிலிருந்து தோலுக்கடியில் ஒரு நாரிழை விரலை நோக்கி நீண்டு, இறுகி, விரலை உள்ளே இழுத்துவிடும். மற்ற மடக்கங்களைப் போலவே இதையும் நெடுங்காலம் தசைநாண் சுருக்கம் என்றே நம்பினார்கள். 1777இல் லண்டனின் ஹென்றி க்ளைன் இறந்தவர் கையை அறுத்துப் பார்த்து, பழுது நார்ச்சவ்வில் என்றார். 1831இல் பாரிஸில் கியோம் டூபுய்ட்ரன் அதைப் பிணத்தில் காட்டி, உயிருள்ள நோயாளியிலும் சவ்வை வெட்டி விரலை நிமிர்த்தினார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. தசைநாண் ஆரோக்கியமாகவே இருந்தது, குற்றவாளி அதற்கு மேல் அடுக்கில் இருந்தது. பாரிஸிலும் செங்கல்பட்டிலும் ஆராய்ச்சியைத் திருப்பியது ஒரே செயல்தான், இறந்த ஒருவர் கையை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்தது.

மாவுக்கட்டு இங்கே ஏன் தோற்கிறது என்பதற்கு விடை 1972இல் கிடைத்தது. ஜூலியோ கப்பியானியும் குய்டோ மாயினோவும் அந்த முடிச்சுகளை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, சாதாரண நாரணுக்கள் தசையணுவின் குணத்தோடு இருந்தன. காயம் ஆறும்போது விளிம்புகளை இழுத்து மூடும் அணுக்கள் இவைதாம், வேலை முடிந்ததும் மறைய வேண்டியவை. டூபுய்ட்ரன் நோயில் அவை மறையாமல் தங்கி, இல்லாத காயத்தை மூடுவதற்காக இழுத்துக்கொண்டே இருக்கின்றன. வேலூர்க் கைகளில் திசு சும்மா குறுகியிருந்தது. இங்கே திசுவே தீவிரமாக இழுக்கிறது.

டூபுய்ட்ரன் இதைக் கைவேலையின் விளைவு என்று நினைத்தார். இரட்டையரை வைத்து டென்மார்க்கில் நடந்த ஆய்வு, நோய்க்கான காரணத்தில் சுமார் 80 சதவீதம் பரம்பரை என்கிறது. 2023இல் கரோலின்ஸ்கா நிறுவனத்தின் ஹூகோ செபெர்க் குழு 7,871 நோயாளிகளின் மரபணுக்களை லட்சக்கணக்கான மற்றவர்களோடு ஒப்பிட்டு, நோயோடு தொடர்புள்ள 61 மரபணு மாறுபாடுகளைக் கண்டது. அவற்றில் மூன்று நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து வந்தவை. அந்த மூன்றில் இரண்டு மிக வலுவானவை. இந்தியாவில் இந்த நோயின் கடுமையான வடிவம் அரிது. ஏலத்தோட்டத்து வேலைதான் இதைக் கொண்டுவந்தது என்று எவரும் குற்ற உணர்ச்சிப்பட வேண்டியதில்லை.

சிகிச்சையில் பல வழிகள் உண்டு. நாரிழையை அறுவை மூலம் எடுக்கலாம், ஊசி முனையால் தோலுக்கடியிலேயே அறுக்கலாம், தொடக்கநிலை முடிச்சுக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் நாடுகளும் உண்டு. எதைச் செய்தாலும் திரும்பி வரும் குணம் இந்த நோய்க்கு இருக்கிறது. கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா சுரக்கும் நொதியை நாரிழைக்குள் செலுத்திக் கரைக்கும் மருந்துக்கு 2010இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தபோது அறுவைக்கு முடிவு வந்துவிட்டது என்றே பலர் எண்ணினார்கள். சுமார் பத்தாண்டில் நிறுவனம் வணிகக் காரணத்துக்காக ஐரோப்பியச் சந்தையிலிருந்து அதை விலக்கிக்கொண்டது. பிரிட்டனில் 672 பேரை இரு குழுவாகப் பிரித்து நடத்தி 2024இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் கை எவ்வளவு பயன்படுகிறது என்ற அளவில் அறுவையே முந்தியது. மருந்து ஊசியில் சிக்கல் குறைவு, குணமாகும் நாட்களும் குறைவு. ஆனாலும் பழைய கத்தி தோற்கவில்லை.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது வேறொரு ஆய்வு. முடிச்சுக்குள் இருக்கும் எதிர்ப்பணுக்கள் டிஎன்எஃப் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அதுதான் சாதாரண நாரணுவை இழுக்கும் அணுவாக மாற்றுகிறது என்று ஜக்தீப் நஞ்சஹால் குழு 2013இல் காட்டியது. முடக்குவாதத்துக்குப் பல ஆண்டாகப் பயன்படும் அடலிமுமாப் என்ற மருந்து அந்தப் புரதத்தைத் தடுப்பது. அதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஓராண்டு, தொடக்கநிலை முடிச்சுக்குள்ளேயே செலுத்தினார்கள். 140 பேர் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவு 2022இல் வந்தது: முடிச்சு மென்மையானது, சுருங்கியது. விரல் மடங்குவதையே இது தடுக்குமா என்று சொல்ல இன்னும் பல ஆண்டுகள் பின்தொடர வேண்டும், இந்த நோய் அவ்வளவு மெதுவானது. ஆனால் மடங்கிய பின் வெட்டுவதிலிருந்து, மடங்கும் முன்பே அணுவை அடக்குவதற்கு ஆராய்ச்சி நகர்ந்துவிட்டது.

தேவாரத்துக்கு வருவோம். இங்கே ஒருவருக்கு விரல் நிமிரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தொழுநோயும் அல்ல, டூபுய்ட்ரனும் அல்ல, சர்க்கரை. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் கணக்கெடுப்பு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு என்கிறது. சர்க்கரை கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதத்தையும் கெடுக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ரத்தத்தில் ஆண்டுக்கணக்காக மிகுந்திருக்கும் சர்க்கரை, தோலிலும் தசைநாண் உறைகளிலும் உள்ள கொலாஜன் நார்களில் ஒட்டி, ஒரு நாரை இன்னொரு நாரோடு பிணைத்துவிடுகிறது. உடலால் அந்தப் பிணைப்பை எளிதில் பிரிக்க முடிவதில்லை. புறங்கைத் தோல் தடித்து, மெழுகு பூசியது போலாகி, சுண்டுவிரலில் தொடங்கி விரல்கள் ஒவ்வொன்றாக இறுகும். வலி இல்லாததால் ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் போகும். கண்ணிலும் சிறுநீரகத்திலும் சிறு ரத்தக் குழாய்கள் கெடத் தொடங்கியவர்களிடம் இது அதிகம் காணப்படுவதால், இறுகிய கை உள்ளுறுப்புகளைப் பற்றிய முன்னறிவிப்பும்கூட.

இன்னொன்று, காலையில் விரல் மடங்கியபடி பூட்டிக்கொண்டு, மறு கையால் இழுத்தால் 'டக்'கென்று விடுபடுவது. தசைநாணை எலும்போடு அணைத்து வைத்திருக்கும் கப்பியின் வாயில், வீங்கிய நாண் சிக்கிக்கொள்கிறது. வாழ்நாளில் நூற்றில் இரண்டு பேருக்கு வருவது, சர்க்கரை உள்ளவர்களில் பத்துப் பேருக்கு வரை வருகிறது. உறைக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி பலருக்குப் போதும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதன் பலன் குறைவு, சில நாள் ரத்தச் சர்க்கரையையும் ஏற்றிவிடும். ஊசி தோற்றால், அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து கப்பியைத் திறந்துவிடும் சிறு அறுவை இருக்கிறது. இதற்காகச் சென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்கோ கோவைக்கோ போக வேண்டியதில்லை. எலும்பு மருத்துவப் பிரிவு உள்ள, நம் மாவட்டத்து க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே கேட்கலாம்.

தொழுநோய் இன்று அரிதாகிவிட்டது, ஆனால் போய்விடவில்லை. நாட்டில் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் புதிதாகக் கண்டறியப்படுகிறார்கள். கூட்டு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போய் ஆறு மாதத்துக்குள் வந்துவிட்டால், மாத்திரையிலேயே நரம்பை மீட்கும் வாய்ப்பு நல்லபடியாக இருக்கிறது. அதைத் தாண்டினால்தான் நாண் மாற்றும் கதையெல்லாம்.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021இல் தொடங்கியதிலிருந்து சர்க்கரை மாத்திரையும் பிசியோதெரபியும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மலைக்கு வேலைக்குப் போகும் ஊர்களில், மாத்திரை கொடுக்க வரும் ஊழியர்கள் கையையும் பார்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. இரு உள்ளங்கைகளையும் கும்பிடுவது போலச் சேர்க்கச் சொல்லி, விரல்களுக்கு நடுவே இடைவெளி தெரிகிறதா என்று பார்க்கலாம். தெரிந்தால் சர்க்கரையால் இறுகிய கையாக இருக்கலாம். மேசை மேல் உள்ளங்கையை வைக்கச் சொல்லி, கை தட்டையாகப் படியவில்லை என்றால் நார்ச்சவ்வைத் தொட்டு முடிச்சு தேடலாம். சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே ஒரு காகிதத்தைக் கொடுத்து இழுத்துப் பார்த்து, பிடித்துக்கொள்ள முடியவில்லை என்றால் அல்நார் நரம்பைச் சோதிக்க அனுப்பலாம். மூன்றுக்கும் சேர்த்து ஒரு நிமிடம் போதும். ஜீப் விடியும் முன்பே கிளம்பிவிடுவதால், ஊழியர்கள் சாயங்காலம் வர வேண்டியிருக்கும்.